பதிவேட்டிலிருந்து வகுப்பறைக்கு: ஒரு வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைக்க முழுமையான வழிகாட்டி

ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? இன்று காலை வகுப்பில் ஆள் இருக்கிறதா? ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் அந்தப் பிள்ளைக்குக் கல்வி கிடைத்திருக்கிறது. அரசு அறிக்கைகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. சேர்க்கை 98 விழுக்காடு என்று எழுதிவிட்டால் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

முடியவில்லை என்பதை எண்களே காட்டுகின்றன. யுனெஸ்கோவின் 2024 அறிக்கைப்படி, தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரையிலான வயதில் உலகெங்கும் சுமார் 25 கோடிப் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். உலக வங்கி 2022-ல் வெளியிட்ட மதிப்பீடு இன்னும் கவலை தருவது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. இவர்களில் பெரும்பாலானவர்கள் பள்ளியில் சேர்ந்திருப்பவர்கள்.

வளரும் பகுதி ஒன்றில் நூறு, இருநூறு பள்ளிகளுக்குப் பொறுப்பானவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கல்வி அலுவலர், உள்ளாட்சி உறுப்பினர், தொண்டு நிறுவனப் பணியாளர், அக்கறையுள்ள தலைமையாசிரியர் யாராக இருந்தாலும் வரிசை இதுதான். வரிசையை மாற்றினால் பணம் போகும், ஆண்டும் போகும்.

படி 1: வீடு வீடாகப் போய்ப் பெயர் பெயராக எழுதுங்கள்

கொள்கை வரைவைக் கையில் எடுப்பதற்கு முன் பட்டியல் வேண்டும். விழுக்காட்டை வைத்துக்கொண்டு யாரையும் பள்ளிக்குக் கூட்டிவர முடியாது. பெயரும் வீடும் தெரிந்தால் முடியும்.

வருவாய்க் கிராமத்தை அலகாக எடுக்காதீர்கள், குடியிருப்பை எடுங்கள். ஊரின் நடுவில் பள்ளி இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருபது வீடுகள் இருக்கும். ஊர்க் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே வரும். சூளை, தோட்டம், கட்டுமான இடம், சாலையோரக் கூடாரம் என்று நிலையான முகவரி இல்லாத இடங்களுக்குத் தனிக் குழுவை அனுப்புங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகள் அதிகம் இருப்பது அங்கேதான்.

போகும் நேரம் மாலையாக இருக்கட்டும். பகலில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்களுடைய பதிவேட்டைத்தான் நாம் சரிபார்க்கப் போகிறோம். அவர்களையே அந்த இக்கட்டில் நிறுத்துவது நியாயமில்லை. பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர், உள்ளூர்ப் பெண் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர் என்று மூவர் போனால் நன்றாக நடக்கும்.

கேள்வியைக் கேட்கும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. “பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்களா?” என்றால் எல்லா வீட்டிலும் “போறாங்க” என்றுதான் பதில் வரும். “நேத்து யார் யார் போனாங்க? போகாதவங்க நேத்து என்ன செஞ்சாங்க?” என்று கேளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட வீடு நினைவில் இருக்கிறது. நான்கு பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று அம்மா சொன்னார். எழுதிக்கொண்டு எழுந்தபோது, பின்கட்டிலிருந்து பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். இடுப்பில் தூக்கித் தூக்கிப் பழகி, உடம்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெயர் கேட்டேன். மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே அந்த மாதம் முழுவதும் வந்திருந்ததாகக் குறி. அவள் அம்மா பொய் சொல்லவில்லை. பள்ளியில் சேர்த்திருந்தார், சேர்த்தாலே படிக்கிற பிள்ளைதான் என்று அந்த வீட்டில் நம்பினார்கள். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவர விழிப்புணர்வுப் பேரணி எதுவும் பயன்படாது. கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: பெயர், வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, நேற்று போனதா, போகாததற்குக் காரணம் (வீட்டார் சொன்ன வார்த்தையிலேயே), பள்ளிக்கு நடக்கும் நேரம், வீட்டில் பேசும் மொழி, பார்வை, செவித்திறன், நடமாட்டத்தில் சிரமம் உண்டா, பிறப்புச் சான்றிதழ் உண்டா. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். படிவம் நான்கு பக்கம் போனால், நிரப்புகிறவர் பத்தாவது வீட்டிலேயே சோர்ந்துவிடுவார்.

அதோடு, பள்ளிகளில் முன்னறிவிப்பு இல்லாமல் தலை எண்ணுங்கள். மூன்று வெவ்வேறு மாதங்களில், ஒரு முறையாவது அறுவடைக் காலத்தில் எண்ண வேண்டும். பதிவேட்டு எண்ணையும் தலை எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் வட்டாரத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். வித்தியாசம் அதிகமுள்ள பள்ளியைத் தண்டிக்கப் புறப்பட்டால் அடுத்த எண்ணிக்கையில் உண்மை கிடைக்காது. இதை முதல் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 2: காரணத்தைப் பிரித்துப் பார்த்த பிறகே திட்டம்

பட்டியல் வந்ததும் காரணவாரியாகப் பிரியுங்கள். பள்ளி தொலைவு, வழி ஆபத்து, செலவு, வீட்டு வேலை அல்லது கூலி வேலை, ஆவணம் இல்லை, உடல்நலம் அல்லது மாற்றுத்திறன், பள்ளியில் அடி அல்லது அவமானம், “படித்தும் ஒன்றும் வரவில்லை” என்று எட்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசிக் காரணத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வறுமை என்று வீட்டார் சொல்லும் இடத்தில் தோண்டிப் பார்த்தால், மூன்று ஆண்டுகள் அனுப்பியும் பிள்ளைக்குத் தன் பெயரை எழுத வரவில்லை என்ற ஏமாற்றம் அடியில் கிடக்கும். பயன் தெரிந்தால் ஏழைப் பெற்றோரும் வயிற்றைக் கட்டி அனுப்புகிறார்கள்.

ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரே ஓர் அலுவலரின் பதவியை எழுதுங்கள். வழி ஆபத்து என்றால் சாலைத் துறை, ஆவணம் என்றால் வருவாய்த் துறை, கைக்குழந்தை என்றால் குழந்தைகள் மையம். கல்வித் துறை தனியாகத் தீர்க்கக்கூடியவை இந்த எட்டில் பாதிகூட இல்லை.

படி 3: தூரத்தைக் குறையுங்கள்

பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்குத் தூரம் எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 2007-ல் அங்கே சில கிராமங்களிலேயே சிறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. கட்டடம் புதிதாகக் கட்டவில்லை, ஆசிரியர் உள்ளூர்க்காரர். அந்தக் கிராமங்களில் சேர்க்கை 42 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. அதுவரை ஆண், பெண் பிள்ளைகளுக்கிடையே இருந்த 21 புள்ளி இடைவெளி ஏறத்தாழ மறைந்தே போனது. பெண்களைப் படிக்க அனுப்ப மாட்டார்கள் என்று வெளியிலிருந்து முத்திரை குத்தப்பட்ட ஊர்கள் அவை. பள்ளி பக்கத்தில் வந்ததும் அனுப்பினார்கள்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. இந்தோனேசியா எண்ணெய் வருவாயைக் கொண்டு 1973 முதல் 1979-க்குள் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் அதிகமிருந்த மாவட்டங்களுக்கு அதிகப் பள்ளிகள் என்பது விதி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ இதை ஆராய்ந்து, அந்தப் பிள்ளைகள் கூடுதல் காலம் படித்ததையும் வளர்ந்தபின் அவர்களின் கூலி உயர்ந்ததையும் காட்டினார். எங்கே இல்லையோ அங்கே முதலில் என்ற அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செல்வாக்குள்ள ஊர் இரண்டாவது கட்டடம் கேட்டு வரும்போது கைகொடுப்பது இந்த விதிதான்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையோடு மழைநாளில் ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். ஓடை, நெடுஞ்சாலை, நாய், சாராயக்கடை வாசல் எதுவும் வரைபடத்தில் இருக்காது.

தொடக்க வகுப்புகளுக்குப் பள்ளி பிள்ளையிடம் வர வேண்டும். உயர்நிலைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போக வழி செய்ய வேண்டும். பாட ஆசிரியர்களும் ஆய்வகமும் தேவைப்படும் இடத்தில் ஊருக்கொரு பள்ளி நடக்காது. பிகார் அரசு 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. உயர்நிலையில் உரிய வயதுப் பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு கூடியது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பெண்கள் கூட்டமாகச் சாலையில் மிதித்துப் போனது ஊர்ப் பேச்சையே மாற்றியது.

மாணவர் குறைவு என்று சிறு பள்ளிகளை மூடி இணைக்கும் யோசனை எல்லா நாட்டிலும் அடிக்கடி வருகிறது. தொடக்க நிலையில் நான் இதை எதிர்க்கிறேன். மிச்சமாகும் சம்பளம் கணக்கில் தெரியும். வழியில் நின்றுபோன ஆறு பெண் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இருபது பிள்ளைகளும் ஓராசிரியருமாக இருக்கும் பள்ளியைத் தரமாக நடத்த வழி இருக்கிறது. கொலம்பியாவில் 1975-ல் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ முறையில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாட வழிகாட்டி ஏடுகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் படிக்கிறார்கள். ஆசிரியர் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். பல்வகுப்புக் கற்பித்தலுக்குப் பயிற்சியும் தனி ஏடுகளும் கொடுக்காமல் ஓராசிரியர் பள்ளியைக் குறை சொல்லக் கூடாது.

படி 4: ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு அடியில் இருக்கும் செலவு

மலாவி 1994-ல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த சேர்க்கை ஏறத்தாழ 30 லட்சமானது. கட்டணம் எத்தனை பேரைத் தடுத்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வகுப்பறையும் ஆசிரியரும் புத்தகமும் அந்த வேகத்தில் கூடவில்லை. ஒரே அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கட்டணத்தை நீக்குங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அறிவிக்கும் நாளுக்கு முன்பே முதல் வகுப்புக்குக் கூடுதல் ஆசிரியர்களை நியமித்துவிட வேண்டும்.

கட்டணம் போன பிறகும் செலவு மிச்சம் இருக்கும். சீருடை, காலணி, தேர்வுத் தாள், விழா நிதி, பராமரிப்பு வசூல் என்று பெயர் மாறி வரும். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டில் வீட்டிலிருந்து போகும் தொகையைப் பத்து வீடுகளில் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எந்த வசூலும் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் கூடாது என்ற ஒரே உத்தரவு பல வசூல்களை நிறுத்திவிடும்.

மெக்சிகோ 1997-ல் ‘ப்ரோக்ரெஸா’ திட்டத்தில் வேறு வழியில் போனது. பிள்ளை 85 விழுக்காடு நாட்கள் வந்தால் தாயின் கையில் பணம். நடுநிலை வகுப்புப் பெண்ணுக்குப் பையனைவிடக் கூடுதல். சேர்க்கை உயர்ந்தது, பெண்களிடம் அதிகமாக உயர்ந்தது. இந்த முறைக்கு நம்பகமான வருகைப் பதிவும் தவறாமல் பணம் போகும் ஏற்பாடும் வேண்டும். அவை இல்லாத வட்டாரத்தில் பள்ளியிலேயே சமைத்த உணவு போடுவதை நான் முதலில் சொல்வேன். யாரையும் தகுதி பார்த்துப் பிரிக்கத் தேவையில்லை, வந்தால்தான் சாப்பாடு, பசி இருந்தால் எழுத்து மண்டையில் ஏறாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மாதம் ஒரு முறை தானியம் அளந்து கொடுத்த மாநிலங்கள் அதன் பிறகுதான் அடுப்பு மூட்டின.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நேரம்தான் தடை. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1985-ல் தொடங்கிய ஓரறைப் பள்ளிகள் முப்பது பிள்ளைகளோடும் உள்ளூர்ப் பெண் ஆசிரியரோடும், வீட்டு வேலைக்கு ஏற்ற நேரத்தில் நடந்தன. பள்ளி நேரத்தையும் விடுமுறையையும் தலைநகரில் நிர்ணயிக்காமல் வட்டாரத்தில் நிர்ணயிக்க அதிகாரம் கேளுங்கள். காசில்லாமல் கிடைக்கும் சீர்திருத்தம் இது.

படி 5: கதவை மூடும் விதிகளைத் தேடி நீக்குங்கள்

பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வயது வரம்பு, நிரந்தர முகவரி ஆகிய நான்கும் சேர்க்கையில் மௌனமாகத் தடுப்பவை. “கொண்டு வாங்க, சேத்துக்கறோம்” என்று திருப்பி அனுப்பப்பட்ட தகப்பன் மறுபடி வருவதில்லை. முதலில் சேர்த்துக்கொண்டு, ஆவணத்தைப் பிறகு பள்ளியே வாங்கித் தரவேண்டும் என்று அரசாணை பெறுங்கள். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றே சொல்கிறது. சட்டத்தில் இருந்தும் வாசலில் மறுப்பு நடப்பதால், அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பள்ளி வாசலில் ஒட்டச் செய்யுங்கள்.

இன்னும் கொடிய விதிகள் உண்டு. சியரா லியோனில் கர்ப்பமான மாணவிகள் பள்ளிக்கு வரத் தடை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்த பிறகு, 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. தான்சானியா குழந்தை பெற்ற மாணவிகளை மீண்டும் சேர்க்க 2021-ல் அனுமதித்தது. எழுதப்பட்ட விதி இல்லாத இடங்களிலும் இப்படிப்பட்ட பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. அவள் திரும்பி வரலாம் என்று எழுத்தில் இருந்தால்தான் வருவாள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சாய்தளம் போட்டதும் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். கணக்கெடுப்பிலேயே பார்வையும் செவியும் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. முன் வரிசையில் ஓர் இடமும் ஒரு மூக்குக் கண்ணாடியும் போதுமான பிள்ளைகளை ‘மந்தம்’ என்று பின்னால் உட்கார வைத்திருப்பார்கள்.

படி 6: ஆசிரியர் வர வேண்டும், வந்தால் பாடம் நடத்த விட வேண்டும்

2002–03-ல் ஆறு நாடுகளில் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தபோது, சராசரியாக ஐந்தில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. இந்தியாவில் 25, உகாண்டாவில் 27, பெருவில் 11 விழுக்காடு. ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் சேவா மந்திர் அமைப்பு நடத்திய ஓராசிரியர் மையங்களில், தேதியும் நேரமும் பதியும் கேமராவில் தினமும் பிள்ளைகளோடு ஆசிரியரைப் படம் எடுக்கச் சொல்லி, வந்த நாட்களுக்கேற்பச் சம்பளம் கொடுத்தார்கள். வராத நாட்கள் 42 விழுக்காட்டிலிருந்து 21-ஆகக் குறைந்தன.

இதைக் கேட்டதும் கருவி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஓர் ஆசிரியரின் ஒரு மாதத்தை எழுதிப் பாருங்கள். எத்தனை நாள் பயிற்சி, எத்தனை நாள் கணக்கெடுப்பு, எத்தனை நாள் தேர்தல் பணி, சம்பளம் வாங்க எத்தனை முறை அலுவலகம்? அதிகாரபூர்வமாகவே பள்ளிக்கு வெளியே போன நாட்களைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் ஆசிரியரைக் கேட்க முடியும். சம்பளம் மாதக் கடைசி நாளில் தவறாமல் வரவும், விவரப் படிவங்கள் மாதம் ஒன்றுக்கு மேல் போகாமல் இருக்கவும் அலுவலகம் முதலில் உறுதி கொடுக்க வேண்டும். அதன் பிறகு வருகையைக் கண்டிப்புடன் பார்க்கலாம்.

ஒதுங்கிய ஊர்களுக்கு நியமனம் ஆனவர்கள் இடமாறுதல் வாங்கிக்கொண்டு போவது எங்கும் உள்ளது. குடியிருக்க வீடு, கூடுதல் படி, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றினால் விரும்பிய இடத்துக்கு முன்னுரிமை ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் தங்குவார்கள். அந்தப் பகுதியிலேயே பள்ளி முடித்த பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புவதுதான் நீண்ட காலத் தீர்வு. பலன் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதால் இந்த ஆண்டே தொடங்குங்கள்.

படி 7: எல்லாரும் வாசிக்கும் வரை விடாதீர்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படி. மற்றவை எல்லாம் பிள்ளையை வகுப்பறை வரை கொண்டு வருபவை.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குப் பாடத்தைக் கணீரென்று வாசித்துக் காட்டினான். விரல் மூன்றாவது வரியில் இருந்தது. வாய் ஐந்தாவது வரிக்குப் போயிருந்தது. அடுத்த பாடத்தைத் திறந்து வைத்தேன். முதல் எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். வகுப்போடு சேர்ந்து ஒப்பித்தே அவன் மூன்று வகுப்புகள் கடந்திருந்தான். புத்திசாலிப் பிள்ளை; ஒரு புத்தகத்தையே மனப்பாடம் செய்திருக்கிறான். எழுத்தைக் கூட்டி வாசிக்க யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை, அதுதான் குறை.

எனவே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து, சொல், எளிய பத்தி, சிறு கதை என்று ஒரே தாளில் நான்கு நிலைகள். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் வீடுகளுக்கே போய் இப்படித்தான் சோதிக்கிறது. வீட்டில் சோதிப்பதால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வருகிறது. உங்கள் முதல் படிக் கணக்கெடுப்போடு இதைச் சேர்த்துவிடலாம்.

முடிவு கையில் வந்ததும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைத் தினமும் ஒன்றரை மணி நேரமாவது வகுப்பை மறந்து நிலைவாரியாக உட்கார வையுங்கள். எழுத்து நிலையில் இருப்பவர்கள் ஒரு குழு, சொல் நிலையினர் ஒரு குழு. சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி வாசிக்க வைத்து, ஏறியவர்களை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் குழுவில் உட்காரக் கூச்சப்படும். குழுக்களுக்கு நிலையின் பெயரை வைக்காமல், பூ, பறவை என்று வேறு பெயர் வையுங்கள்.

பிரதம் இந்த முறையைப் பரவலாக்கியபோது கிடைத்த பாடம் அலுவலர்களுக்கு மிக முக்கியமானது. பிகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாட ஓட்டத்தில் அது கரைந்துவிட்டது, பலன் இல்லை. ஹரியானாவில் பள்ளி நேரத்துக்குள்ளேயே தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வை அலுவலர்களையும் அதே முறையில் பயிற்றுவித்து, அவர்களே வந்து பார்க்கும்படி செய்தார்கள், வாசிப்பு உயர்ந்தது. கால அட்டவணையில் இடம் பிடிக்காத சீர்திருத்தம் எதுவும் வகுப்பறையில் நிற்காது.

மொழியைத் தவறவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். கென்யாவில் ஊரகப் பள்ளிகளுக்குப் பாடப் புத்தகம் இலவசமாகக் கொடுத்து ஆய்வு செய்தபோது, ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்களுக்கு மட்டுமே பயன் கிடைத்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது; பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில்தான் எளிதாக வாசிக்கக் கற்கும். கற்றபின் அந்தத் திறனை இன்னொரு மொழிக்கு எடுத்துப் போகும். கணக்கெடுப்பில் எழுதிய வீட்டு மொழியைக் குடியிருப்புவாரியாக வரைபடத்தில் போட்டு, முதல் இரண்டு வகுப்புகளுக்கு அந்த மொழி பேசும் ஆசிரியரை நியமிக்கப் பாருங்கள். முடியாத இடத்தில் அந்த மொழி பேசும் உள்ளூர்ப் பெண்ணைத் துணை ஆசிரியராக வையுங்கள்.

படி 8: பணம் பள்ளி வாசல் வரை போய்ச் சேர்ந்ததா?

2015-ல் நாடுகள் ஒப்புக்கொண்ட அளவுகோல் இது: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு, அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்கு. உங்கள் பகுதியின் வரவு செலவுத் திட்டத்தில் இந்த விழுக்காட்டை முதலில் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது என்று மூன்று எண்களை எழுதுங்கள். நிதியாண்டின் கடைசி மாதத்தில் விடுவிக்கப்படும் தொகை பெரும்பாலும் சுண்ணாம்பு அடிக்கவும் பெஞ்சு வாங்கவுமே போகும்.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, மாணவர் எண்ணிக்கைப்படி பள்ளிகளுக்கு மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை அடைந்தது. எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிச் சுவரிலும் எழுதச் சொன்னது. சில ஆண்டுகளில் பள்ளியை அடைந்த பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது. மேற்பார்வை இறுகியதும் அதற்கு உதவியது. ஆனாலும் சுவரில் எழுதிய எண்ணைவிட மலிவான காவலாளி கிடைக்காது. பள்ளிச் சுவரில் நான்கு வரிகள் எழுதச் செய்யுங்கள்: வந்த தொகை, வந்த தேதி, செலவான தொகை, எதற்காக.

படி 9: ஆணையாக எழுதுங்கள்

மாதிரித் திட்டம் பத்துப் பள்ளிகளில் நன்றாக நடக்கும். அதை நடத்திய அலுவலர் மாறியதும் மறையும். அதைக் கொள்கையாக்கும் ஆணையில் ஐந்து இருக்க வேண்டும்: யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்தத் தலைப்பில் பணம், நடக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது, வெற்றியை எதைக் கொண்டு அளப்பது. ஆவன செய்யப்படும் என்று முடியும் ஆணையைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

அளவுகோல் வாசிப்பாக இருக்கட்டும். பிரேசிலின் சியரா மாநிலம் 2007-ல் சட்டம் இயற்றி, நகராட்சிகளுக்குப் பகிரும் வரியில் ஒரு பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தோடு இணைத்தது. மேயர்கள் வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதே மாநிலத்தின் சோப்ரால் நகரம் பள்ளித் தலைமைப் பதவிக்கு அரசியல் பரிந்துரையை நிறுத்தி, தேர்வு வைத்து ஆள் எடுத்தது. முதல் வகுப்புகளில் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பதை ஒரே குறியாக வைத்தது. நாடு தழுவிய கல்வித் தரவரிசையில் 2005-ல் 1,366-வது இடத்தில் இருந்த அந்த ஏழை நகரம் 2017-ல் முதலிடத்தில் இருந்தது.

பெற்றோர் குழுக்களைப் பற்றி ஒரு சொல். பெயரளவில் குழு அமைத்தால் தலைமையாசிரியர் நீட்டும் இடத்தில் கையெழுத்து விழும். குழுவுக்கு மூன்று வேலைகளை மட்டும் கொடுங்கள்: மாதம் ஒருமுறை தலை எண்ணுவது, சுவரில் எழுதிய தொகையைச் சரிபார்ப்பது, பத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பிள்ளை தடுமாறுகிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடித்துவிடுவார்.

படி 10: முதல் ஆண்டின் வேலை, பிறகு அதே வீடு

பள்ளி திறப்பதற்கு மூன்று மாதம் முன் கணக்கெடுப்பை முடியுங்கள். அடுத்த ஒரு மாதத்தில் காரணவாரிப் பட்டியலும் ஆவண விலக்கு ஆணையும். திறக்கும் வாரத்தில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் நேரில் போக வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் வாசிப்புச் சோதனையும் நிலைவாரிக் குழுக்களும். ஐந்தாவது மாதத்திலிருந்து தலை எண்ணிக்கை. எட்டாவது மாதத்தில் அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கை. அதைத் தவறவிட்டால் மிதிவண்டியும் துணை ஆசிரியரும் இன்னோர் ஆண்டு தள்ளிப்போகும்.

நெடுநாள் விட்டுவிட்ட பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பில் நேரே உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி நின்றுவிடுவார்கள். முதலில் சில மாதம் இணைப்புப் பயிற்சி கொடுத்து, அதற்குப் பொறுப்பான ஆசிரியரே வகுப்புக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தட்டும்.

ஆண்டு முடிந்ததும் புதுப் படிவம் அச்சிட வேண்டாம். பழைய பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்: சேர்ந்ததா, நேற்று போனதா, எந்த நிலை வரை வாசிக்கிறது. மாலையில் அதே வீட்டுக் கதவைத் தட்டி, சென்ற ஆண்டு சொன்ன பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இடம்பெயர்ந்த குடும்பமாக இருந்தால் எந்த ஊருக்குப் போனார்கள் என்று விசாரித்து, அந்த வட்டார அலுவலருக்குப் பிள்ளையின் பெயரையும் வாசிப்பு நிலையையும் அன்றைக்கே அனுப்பிவையுங்கள்.